டிஜிட்டல் கோப்பிலிருந்து வெள்ளி ஜெலட்டின் தாளுக்கு: எவ்வளவு வேலை திரையில், எவ்வளவு இருட்டறையில்?

ஈசூன்_நிழல் (இழை தொடங்கியவர்)

வணக்கம். இங்கே கறுப்பு வெள்ளை இருட்டறை வேலை தெரிந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்.

என்னிடம் இரண்டு வகைப் படங்கள் இருக்கின்றன. ஒன்று, 2011 ஜூன் கடைசியில் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் எடுத்தவை. ரயில் அங்கே வருவது நிற்கப்போகிறது என்று ஊரே திரண்டு போன சமயம். எல்லாம் டிஜிட்டல் கோப்புகள். இன்னொன்று, அதே நிலையத்தில் அப்பா பல வருஷம் முன்பு எடுத்த 35 மிமீ நெகட்டிவ்கள். தகர டின்னில் கிடந்து பூஞ்சை பிடித்துவிட்டன. என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) ஏற்றினால் முகங்களின் மேல் நரம்பு நரம்பாகக் கோடு விழுகிறது.

இரண்டையும் ஒரே ஆல்பமாக, ஒரே வகை வெள்ளி ஜெலட்டின் தாளில் (இருட்டறையின் வழக்கமான கறுப்பு வெள்ளைத் தாள்) எடுக்க ஆசை. நெகட்டிவை ஸ்கேன் செய்து, ஃபோட்டோஷாப்பில் பூஞ்சையைத் துடைத்து, மறுபடி ட்ரான்ஸ்பரன்சி ஃபிலிமில் பெரிய நெகட்டிவாக அச்சடித்து, அதைத் தாளோடு ஒட்டி வைத்து காண்டாக்ட் பிரிண்ட் போடலாம் என்று படித்தேன். இது நடைமுறையில் எப்படி? டாட்ஜிங் (ஓர் இடத்தை வெளுக்க வைப்பது), பர்னிங் (ஓர் இடத்தைக் கறுக்க வைப்பது) எல்லாவற்றையும் கோப்பிலேயே முடித்துவிட வேண்டுமா, தாள் முன்னால் நிற்கும்போது ஏதாவது மிச்சம் வைக்க வேண்டுமா?

என் இருட்டறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பாம் ஷெல்ட்டர், அதாவது தடித்த சுவர் உள்ள பாதுகாப்பு அறை. வெளிச்சம் துளிகூட வராது. தண்ணீர்க் குழாயும் கிடையாது.

பழைய_லென்ஸ்

தம்பி, அப்பாவின் நெகட்டிவ் கையில் இருக்கும்போது நடுவில் கம்ப்யூட்டர் எதற்கு? பூஞ்சையைக் கழுவிப் பாருங்கள். போகாவிட்டால் பிரிண்டில் ஸ்பாட்டிங் பிரஷ் வைத்துப் புள்ளி புள்ளியாக நிரப்பலாம். நான் ஸ்டுடியோவில் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் முதல் வருஷம் முழுக்க அந்த பிரஷ்தான் என் கையில் இருந்தது.

டிஜிட்டல் எனக்கு ஆகாது என்று இல்லை. பேரன் பேத்தி படமெல்லாம் போனில்தான் எடுக்கிறேன். ஆனால் எல்லாத் தீர்மானத்தையும் திரையிலேயே எடுத்துவிட்டால், இருட்டறை வெறும் மருந்தில் முக்கி எடுக்கிற இடமாகிவிடும். ட்ரேயில் படம் எழும்பும்போது, இந்த இடத்துக்கு இன்னும் 4 வினாடி வேண்டும் என்று கை முடிவு செய்கிறதே, அதுதான் இந்த வேலை. அதைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரிடம் கொடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நீலத்தாள்

அண்ணே, முதலில் ஒன்று. தம்பி, தயவுசெய்து அந்த நெகட்டிவைக் கழுவாதீர்கள். பூஞ்சை ஜெலட்டினைத் தின்று வளர்வது. அது படர்ந்த இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கும். நனைத்தால் படத்தோடு சேர்ந்து போய்விடும். காய்ந்த நிலையிலேயே மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, ஸ்கேன் செய்து, பிறகு கேமரா வைக்கும் ட்ரை கேபினெட்டில் வையுங்கள். ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் நிற்கிற ஊரில் தகர டின் நெகட்டிவுக்குப் பாதுகாப்பே இல்லை.

இப்போது அண்ணன் சொன்ன மனக்குறை. அது நியாயமானது, ஆனால் இடம் மாறி விழுகிறது என்று நினைக்கிறேன். நெகட்டிவில் கை வைப்பது புதிய பழக்கம் இல்லை. 1850களில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டைச் சேர்த்து ஒரே பிரிண்டாக்கினார். அந்தக் காலத்து கொலோடியன் (நெகட்டிவ் கண்ணாடியில் பூசிய ரசாயனம்) நீல ஒளியை அளவுக்கு மீறிப் பிடிக்கும், வானம் வெளுத்துவிடும், அதனால் வேறு வழியில்லை. நம் ஊரிலேயே 1867ல் தொடங்கிய ஜி.ஆர். லாம்பர்ட் ஸ்டுடியோவின் சிங்கப்பூர்க் காட்சிகளைப் பாருங்கள். ஆல்புமென் (முட்டை வெள்ளை பூசிய) தாள், பிரிண்ட் எந்த அளவோ அதே அளவு கண்ணாடி நெகட்டிவ், வெயிலில் வைத்துக் காண்டாக்ட் முறையில் எடுத்தது. என்லார்ஜர் பரவலானது அதற்குப் பிறகுதான். பெரிய நெகட்டிவைத் தாளோடு ஒட்டி வைத்து எடுப்பது, அண்ணன் பழகிய முறையைவிடப் பழையது.

இப்படிக் கோப்பிலிருந்து அச்சடிக்கும் டிஜிட்டல் நெகட்டிவை 1990களில் டான் பர்க்ஹோல்டர் போன்றவர்கள் பரப்பினார்கள். அதற்குப் பின் வந்தவர்கள் கற்றுக்கொண்ட மிக முக்கியமான பாடம் ஒன்று உண்டு. என் பதில் முழுக்க அதைச் சுற்றித்தான். கோப்பில் இரண்டு வேலைகள் நடக்கின்றன, இரண்டையும் கலக்கவே கூடாது.

முதல் வேலை படத்துக்கானது. பூஞ்சைக் கோட்டை எடுப்பது, பிளாட்பாரக் கூரையின் நிழலில் இருக்கும் முகத்தைக் கொஞ்சம் தூக்குவது, வெளுத்த வானத்தை அடக்குவது எல்லாம் இதில் சேரும். திரையில் பார்த்து, கண்ணுக்குச் சரி என்று படும்வரை செய்யலாம்.

இரண்டாவது வேலை தாளுக்கானது. உங்கள் பிரிண்டர், இங்க், ஃபிலிம், தாள், டெவலப்பர் (படத்தை எழும்ப வைக்கும் மருந்து) இந்த ஐந்தும் சேர்ந்து டோன்களை எப்படி வளைக்கின்றன என்று அளந்து, அந்த வளைவை நிமிர்த்தக் கோப்பில் ஒரு கர்வ் (டோன்களை மாற்றும் வளைகோடு) போடுவது. இதற்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லை. ரயிலோ கல்யாணமோ, எந்தப் படமானாலும் அந்தத் தாளுக்கு அதே கர்வ்தான்.

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, படத்துக்குப் படம் கர்வை இழுத்துக்கொண்டே இருப்பவர்கள் பெட்டி பெட்டியாகத் தாளைக் குப்பையில் போடுகிறார்கள். பிரித்து வைத்தால், அண்ணன் கேட்கிற இருட்டறைத் தீர்மானத்துக்கு இடம் தானாகவே கிடைக்கும். எப்படி என்று அடுத்த பதிவில் எழுதுகிறேன், நீளமாக வரும்.

நீலத்தாள்

தாளுக்கான கர்வ் எடுக்கும் முறை. மல்டிகிரேடு (கான்ட்ராஸ்டை மாற்றக்கூடிய) ஆர்சி (பிளாஸ்டிக் பூச்சுள்ள) தாளை வைத்துச் சொல்கிறேன்.

இங்க்ஜெட்டுக்கென்றே பூச்சு உள்ள ட்ரான்ஸ்பரன்சி ஃபிலிம் வேண்டும். பிக்டோரிகோ மாதிரி. ஆபீஸ் லேசர் பிரிண்டருக்கான சாதா ஓஎச்பி தாளில் இங்க் நிற்காது, வழியும். பிரிண்டர் பிக்மென்ட் இங்க் வகையாக இருப்பது நல்லது.

முதலில் எதுவும் அச்சடிக்காத வெறும் ஃபிலிம் துண்டைத் தாளின் பாதியில் வைத்து, மேலே கனமான கண்ணாடி போட்டு, என்லார்ஜர் வெளிச்சத்தில் டெஸ்ட் ஸ்ட்ரிப் (பட்டை பட்டையாக நேரத்தைக் கூட்டிப் பார்க்கும் சோதனை) எடுங்கள். ஃபிலிமுக்கு அடியில் இருக்கும் கறுப்பு எந்தப் பட்டைக்குப் பிறகு இன்னும் கறுக்காமல் நின்றுவிடுகிறதோ, அதுதான் உங்கள் நேரம். அதற்குக் குறைந்தால் முழுக் கறுப்பு வராது. கூடினால் நிழல் விவரம் மூடிக்கொள்ளும். லென்ஸ் துளை, என்லார்ஜர் தலையின் உயரம், கிரேடு (தாளின் கான்ட்ராஸ்ட் அளவு) எல்லாவற்றையும் குறித்து வைத்து, கர்வ் எடுத்து முடிக்கும்வரை அதை மாற்றாதீர்கள்.

அப்புறம் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாகப் போகும் சார்ட் ஒன்றை, கர்வ் எதுவும் போடாமல் நெகட்டிவாக அச்சடித்து, அதே நேரத்தில் எடுங்கள். முதல் தடவை பார்க்கும்போது ஏமாற்றமாக இருக்கும். வெளிர் சாம்பல் படிகள் பலவும் ஒரே வெள்ளையாகப் போயிருக்கும். காரணம், இங்க் தடுக்கிற ஒளி உங்கள் தாளுக்குத் தேவையானதைவிட அதிகம். 2ஆம் கிரேடு வெள்ளித் தாளுக்கு நெகட்டிவின் மிக மெல்லிய இடத்துக்கும் மிக அடர்ந்த இடத்துக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம் சுமார் 1.1 போதும். சால்ட் பிரிண்ட் போன்ற பழைய முறைகளுக்கு அதைவிட மிக அதிகம் வேண்டும். அதனால்தான் ஒருவர் கர்வை இன்னொருவர் அப்படியே எடுத்துப் போட்டால் வேலை செய்வதில்லை.

இந்த இடத்தில் பலர் கிரேடை மிக மென்மையான 00க்கு இறக்கிச் சமாளிக்கிறார்கள். வேண்டாம். இங்கைக் குறையுங்கள். 2ஆம் கிரேடில் தாளின் வெள்ளை அப்போதுதான் எட்டுகிற அளவுக்கு நெகட்டிவை மெல்லியதாக்குங்கள். அப்போதுதான் படம் எடுக்கும் நாளில் அரை கிரேடு மேலேயும் கீழேயும் போக உங்களுக்கு வழி இருக்கும். அண்ணன் சொன்ன அந்த 4 வினாடிக்கான இடம் இதுதான்.

சார்ட் பிரிண்ட் முழுக்கக் காய்ந்த பிறகு ஸ்கேன் செய்யுங்கள். ஈரத்தில் இருப்பதைவிடக் காய்ந்ததும் டோன் இறங்கும், ஃபைபர் (பிளாஸ்டிக் பூச்சில்லாத) தாளில் இது நன்றாகவே தெரியும். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்களை எல்லாம் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு படியும் எங்கே வந்திருக்க வேண்டும், எங்கே வந்திருக்கிறது என்று ஒப்பிட்டுக் கர்வ் வரையலாம். இதைத் தானாகச் செய்யும் சார்ட்த்ராப் என்ற ஃபோட்டோஷாப் ஸ்கிரிப்ட் இருக்கிறது. கர்வைப் போட்டு மறுபடி சார்ட் எடுத்துப் பாருங்கள். படிகள் சீராக இறங்கினால் அந்தத் தாளுக்கான வேலை முடிந்தது.

கோப்பு 16 பிட்டில் இருக்கட்டும். 8 பிட்டில் இவ்வளவு கர்வ் போட்டால் வானத்தில் பட்டை பட்டையாகப் பிளக்கும். கடைசியாகப் படத்தை இடம் வலம் புரட்டி அச்சடிக்க வேண்டும். இங்க் இருக்கும் பக்கம் தாளின் எமல்ஷனை (ஒளியை உணரும் பூச்சு) தொட வேண்டும், இல்லாவிட்டால் கூர்மை போய்விடும்.

இன்னொன்று, மல்டிகிரேடு தாளுக்கு மட்டும். கறுப்பு, சாம்பல் இங்க் மட்டும் பயன்படும்படி அமைப்பு வையுங்கள். மல்டிகிரேடு தாள் நீல ஒளிக்கு அழுத்தமாகவும் பச்சை ஒளிக்கு மென்மையாகவும் எதிர்வினை தருகிற தாள். பிரிண்டர் தன் இஷ்டத்துக்கு மஞ்சள் இங்கைக் கலந்தால், அந்த இடத்தில் மட்டும் நீலம் தடுக்கப்பட்டு கிரேடே மாறிவிடும். நிழலில் ஒரு கான்ட்ராஸ்ட், வானத்தில் ஒரு கான்ட்ராஸ்ட் என்று வந்து தலை சுற்றும்.

ஈசூன்_நிழல்

அக்கா, மிக்க நன்றி. சார்ட் வேலையை முடித்துவிட்டேன், படிகள் சீராக இறங்குகின்றன. நிலையத்தின் பெரிய கூடத்துப் படத்தை எடுத்தேன். சுவரில் இருக்கும் அந்தப் பெரிய ஓவியப் பலகைகள், கீழே கூட்டம். டோன் அருமை. ஆனால் கிட்டே வைத்துப் பார்த்தால் சாம்பல் பகுதிகளில் பொடிப்பொடியாகப் புள்ளி. ஒரே கோட்டில் வரிசையாகச் சின்னக் குத்துகளும் இருக்கின்றன. இது என்ன?

அப்புறம், ஃபிலிம் சில இடத்தில் தாளோடு ஒட்டிக்கொண்டது.

நீலத்தாள்

வரிசைக் குத்து, பிரிண்டருக்குள் ஃபிலிமைத் தள்ளும் பற்சக்கரத்தின் தடம். ஃபிலிமில் இங்க் ஈரமாக இருக்கும்போது அது மேலே ஏறுகிறது. கனமான தாளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சில பிரிண்டர்களில் சக்கரம் சற்று விலகும். பின்பக்கம் நேராகத் தாள் செலுத்தும் வழி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஒட்டுவதற்குக் காரணம் நம் ஊர்க் காற்று. அச்சடித்ததும் ஹேர் டிரையரால் காய வைத்து, ஒரு ராத்திரி ட்ரை கேபினெட்டில் வையுங்கள். பிறகு தொடுங்கள்.

புள்ளிதான் உண்மையான சிக்கல். அதை மழுப்பிச் சொல்ல மாட்டேன். வெள்ளி ஜெலட்டின் பளபளப்புத் தாள் இங்க்ஜெட்டின் ஒவ்வொரு துளியையும் காட்டிக்கொடுக்கும் அளவுக்குக் கூர்மையானது. சயனோடைப் (நீல நிற அச்சு), பிளாட்டினம் போன்ற பழைய அச்சு முறைகளில் ரசாயனம் தாளின் நாருக்குள் இறங்குவதால் துளிகள் கரைந்துவிடும். வெள்ளித் தாளில் அந்தச் சலுகை இல்லை. பிரிண்டரின் உச்ச டிபிஐயில் அச்சடியுங்கள், வேகமாக அடிக்கும் இருவழி முறையை அணையுங்கள். பளபளப்பை விட்டு மேட் பரப்புக்குப் போங்கள். இல்ஃபோர்டின் ஆர்ட் 300 தாள் பருத்தி அடித்தளமும் சொரசொரப்பும் உள்ளது, புள்ளியை நன்றாக மறைக்கும். விலைதான் கொஞ்சம் கூட.

தோபாயோ_திரை

இந்தப் புள்ளிப் பிரச்சினைக்கு வேறு வழி இருக்கிறது. இங்க்ஜெட்டையே விட்டுவிடுங்கள். திருத்தி முடித்த படத்தை நல்ல 4கே திரையில் கறுப்பு வெள்ளையாகக் காட்டி, மேக்ரோ லென்ஸ் வைத்து 35 மிமீ கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படம் எடுங்கள். திரையில் பாசிட்டிவ் காட்டினால் ஃபிலிமில் நெகட்டிவ் கிடைக்கும். அதைச் சாதாரணமாக என்லார்ஜரில் ஏற்றி பிரிண்ட் போடலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4கே திரையின் உயரம் 2160 பிக்சல். 3க்கு 2 விகிதப் படம் அதில் 3240க்கு 2160 ஆக நிற்கும். அதை ஃபிலிமில் எடுத்து 8 மடங்கு பெரிதாக்கினால் பிரிண்டின் நீளம் 288 மிமீ, அதாவது அங்குலத்துக்குச் சுமார் 285 பிக்சல். கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் பிக்சல் தெரியாது. டிஜிட்டல் கேமரா சென்சாரில் திரையைப் படமெடுத்தால் வருகிற மொய்ரே அலையும் (இரண்டு புள்ளி வரிசைகள் மோதி வரும் கோடுகள்) வராது, ஃபிலிமின் மணிகள் வரிசையில் அடுக்கப்பட்டவை இல்லையே. தெரியப்போவது ஃபிலிமின் கிரெயின் மட்டும். அது வெள்ளித் தாளில் இயல்பாக உட்காரும்.

அறை முழு இருட்டாக இருக்க வேண்டும், திரைக் கண்ணாடியில் பிரதிபலிப்பு கூடாது, திரையும் ஃபிலிமும் இணையாக இருக்க வேண்டும். பாம் ஷெல்ட்டர் இதற்கும் பொருத்தமான இடம்.

பழைய_லென்ஸ்

இது எனக்குப் பிடித்திருக்கிறது. என்லார்ஜருக்குள் ஒரு நெகட்டிவ் இருக்கிறது, நடுவில் கையை வைத்து மறைக்க இடம் இருக்கிறது. அப்பாவின் படங்களை இந்த வழியில் செய்யுங்கள், தம்பி. ஆனால் அப்பா எடுத்ததன் கிரெயினோடு இந்த இரண்டாவது ஃபிலிமின் கிரெயினும் சேரும். 100 ஐஎஸ்ஓ, முடிந்தால் அதற்கும் குறைந்த ஃபிலிம் போடுங்கள்.

நீலத்தாள் சொன்னதையும் யோசித்தேன். தாளுக்கு ஒரு கர்வ், படத்துக்குத் தனி வேலை என்று பிரிப்பது சரிதான். நாங்களும் புதுப் பெட்டித் தாள் வந்தால் முதலில் அதைச் சோதித்துத்தானே படத்துக்குப் போவோம். ஒன்றில் மட்டும் நான் மாற மாட்டேன். டாட்ஜிங் முழுவதையும் கோப்பில் முடிக்காதீர்கள். திரை பின்னாலிருந்து ஒளி வீசுவது. தாள் முன்னால் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. திரையில் மூச்சு விடுகிற நிழல் தாளில் அடைத்துக்கொள்ளும். கோப்பில் முக்கால்வாசி செய்யுங்கள், மீதியைத் தாளைப் பார்த்துச் செய்யுங்கள்.

நீலத்தாள்

ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. ஒரே ஒரு விலக்கு: ஒரே படத்தைப் பல பிரதிகள் எடுக்க வேண்டியிருந்தால், சிக்கலான ஓரங்களைச் சுற்றி வருகிற பர்னிங்கைக் கோப்பில் வைப்பதே நல்லது. கூட்டத்தில் ஒவ்வொரு தலையையும் சுற்றி ஒவ்வொரு பிரதிக்கும் அட்டையை வெட்டிப் பிடிக்க முடியாது. அகலமான வானம், மூலைகள், கூரை போன்றவற்றைக் கையால் செய்யலாம்.

சூரிய_அச்சு

வெள்ளித் தாளோடு நிறுத்திவிடாதீர்கள். அதே கோப்பிலிருந்து சயனோடைப்பும் எடுக்கலாம். 1842ல் ஜான் ஹெர்ஷல் கண்ட முறை. இருட்டறையே வேண்டாம், மங்கலான மஞ்சள் பல்பு போதும். கர்வ் மட்டும் புதிதாக எடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் நண்பகல் வெயில் புற ஊதாக் கதிருக்குக் குறைவே இல்லை. தேசிய சுற்றுப்புற வாரியம் மணிக்கு மணி வெளியிடும் புற ஊதாக் குறியீடு மேகமில்லாத நாளில் 11ஐத் தாண்டும். ஆனால் கர்வ் எடுக்க வெயிலை நம்பாதீர்கள். ஒரு மேகம் போனால் கணக்கு மாறிவிடும். சார்ட்டுக்கு 365 நானோமீட்டர் எல்இடி விளக்கு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியோடு. படங்களை வேண்டுமானால் வெயிலில் எடுங்கள்.

கால்சியம் கார்பனேட் சேர்க்காத தாள் வேண்டும், ஹானமூலே பிளாட்டினம் ரேக் மாதிரி. சயனோடைப்பின் நிறமான பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகாது. நம் குழாய்த் தண்ணீர் சற்றுக் காரப்பக்கம் என்பதால், முதல் கழுவலில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் நீலம் வெளுக்காது. பூசிய தாளை ஏர்கான் அறையில் காய வையுங்கள். வெளியே வைத்தால் ஈரம் நின்று நெகட்டிவையும் கெடுக்கும்.

ஈசூன்_நிழல்

எல்லோருக்கும் நன்றி. டிஜிட்டல் படங்களை ஆர்ட் 300 தாளில் காண்டாக்ட்டாகவும், அப்பாவின் படங்களைத் திரை வழியாக என்லார்ஜரிலும் எடுக்கிறேன். அப்பாவின் முதல் பிரிண்ட் வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் அம்மா, பின்னால் ரயில் கார்டு. பூஞ்சை இருந்த கன்னத்தைக் கோப்பில் சரிசெய்தேன். அண்ணன் சொன்னபடி கூரையைக் கையால் பர்ன் செய்தேன், 2½ கிரேடில். திரையில் பார்த்தபோது கூரை சரியாக இருந்தது, தாளில் அடைத்தது. கையால் செய்ததால்தான் சரிக்கட்ட முடிந்தது.

இரண்டு சந்தேகம். ஷெல்ட்டருக்குள் மருந்து 30 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. அப்புறம் பழைய ஃபிக்சரை (படத்தை நிலைநிறுத்தும் மருந்து) என்ன செய்வது?

பழைய_லென்ஸ்

அம்மா படம் நன்றாக வந்திருக்கும் போலிருக்கிறது. ஆல்பம் முடிந்ததும் கட்டாயம் காட்ட வேண்டும், தம்பி.

சூட்டுக்கு: ட்ரேயைவிடப் பெரிய பிளாஸ்டிக் தட்டில் தண்ணீரும் ஐஸ் பாக்கெட்டும் போட்டு, அதற்குள் டெவலப்பர் ட்ரேயை வையுங்கள். 20 டிகிரிக்குக் கொண்டுவர மல்லுக்கட்ட வேண்டாம். 24 என்றால் 24, எல்லா நாளும் அதே 24 இருக்கட்டும். கர்வ் எடுத்த நாளில் இருந்த சூடும் அதுவாகவே இருக்க வேண்டும்.

நீலத்தாள்

கதவைச் சாத்தி நீண்ட நேரம் உள்ளே இருக்காதீர்கள். காற்றுத் துளை மூடியைத் திறந்து, வெளிச்சம் வராதபடி கறுப்புத் துணியைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். சிட்ரிக் அமில ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் மருந்து) வாங்குங்கள், அசிட்டிக் நெடி இருக்காது. ஷெல்ட்டர் சுவரில் துளை போட வேண்டாம். ஷெல்ஃப் வேண்டுமானால் காலில் நிற்கிற வகை. ஃபிக்சரிலிருந்து வந்த பிரிண்டுகளை ஒரு வாளித் தண்ணீரில் சேர்த்து, கடைசியில் குளியலறைக்கு எடுத்துப்போய்க் கழுவலாம். ஆர்சி தாள் என்றால் ஓடும் தண்ணீரில் 2 நிமிஷம். ஃபைபர், ஆர்ட் 300 எல்லாம் வாஷ் எய்ட் (ஃபிக்சரைக் கழுவ உதவும் மருந்து) போட்டு நிதானமாக.

ஃபிக்சரைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். அதில் கரைந்த வெள்ளி இருக்கிறது, நம் கழிவுநீர்தான் சுத்தம் செய்யப்பட்டு நியூவாட்டராகத் திரும்புகிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, வெளியில் தேதியோடு பெயர் எழுதி வையுங்கள். ஸ்டீல் வுல் போட்டு வைத்தால் இரும்பு கரைந்து வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும், ஆனால் மேலே இருக்கும் திரவமும் கழிவுதான். கேன் நிறைந்ததும் உரிமம் பெற்ற ரசாயனக் கழிவு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். தனி ஆளாகப் போனால் அளவு குறைவு என்று தயங்குவார்கள். இந்த இழையில் இருட்டறை வைத்திருப்பவர்கள் சேர்ந்து கொடுத்தால் எளிது. என்னிடம் ஒரு கேன் தயாராக இருக்கிறது. தோபாயோ, உங்களிடம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது?